ஒளியை எங்கே மறிப்பது?

2019 டிசம்பர் 26, மார்கழி அமாவாசை. அன்று காலை நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணத்தின் பாதை வட கேரளத்தில் கரையேறி, ஊட்டி, கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணத்தையும் கடந்து போனது. எட்டு மணிக்குச் சற்றுப் பிறகு சூரியனின் விளிம்பில் நிலவு ஏறத் தொடங்கியது. ஒன்பதரை வாக்கில் நடுவே கரிய வட்டம், சுற்றிலும் ஒளிவளையம். நம் ஊர் வானத்தில் இப்படி ஒரு காட்சி ஒருவருடைய ஆயுளில் ஓரிரு முறை கிடைத்தாலே பெரிது.

வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. கேமராவைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. திருச்சியில் புத்தூரிலும் உறையூரிலும் மொட்டை மாடி ஏறியவர்களில் கேமரா வைத்திருந்தவர்களின் மனத்தில் ஓடியிருக்கக்கூடிய எண்ணத்தை ஊகிக்கலாம்: “சூரியன்ல பத்துல ஒன்பது பங்கு மறைஞ்சாச்சு, மிச்சம் இருக்குறது ஒரு கீற்று. அது என்ன செய்யப் போகுது?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண்ணம்தான் ஆபத்து. மறைந்த பகுதி மறைந்ததுதான். எஞ்சிய வளையத்தின் ஒவ்வொரு துளியும் முழுச் சூரியனில் இருந்த அதே பிரகாசத்தோடுதான் இருக்கிறது. சென்சாரின் மேல் அந்தக் கீற்று விழுகிற இடம், கிரகணமே இல்லாத நாளில் எவ்வளவு சுடுமோ கிட்டத்தட்ட அவ்வளவு சுடும். குறைவது சுடுகிற இடத்தின் பரப்பு மட்டுமே.

இதைப் புரிந்துகொள்ள லென்ஸ் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். எந்த லென்ஸாக இருந்தாலும், அதன் குவியத் தூரத்தில் ஏறக்குறைய 110-ல் ஒரு பங்கு அளவுக்குச் சூரியப் பிம்பத்தை உண்டாக்கும். கல்யாண வீடுகளில் எல்லோரும் வைத்திருக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு புள்ளி. பறவைப் படம் எடுப்பவர்களின் 600 மில்லிமீட்டர் லென்ஸில் ஐந்தரை மில்லிமீட்டர் வட்டம்.

நல்ல வெயிலில் தரையில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் ஒளி விழுகிறது. 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸின் திறப்பு 28 மில்லிமீட்டர் விட்டம். அதன் வழியே உள்ளே போவது அரை வாட்டுக்குச் சற்று அதிகம். பெரிதாகத் தோன்றாது. ஆனால் அந்த அரை வாட்டும் குண்டூசித் தலையைவிடச் சிறிய இடத்தில் போய்க் குவிகிறது. கணக்குப் போட்டால், அந்தப் புள்ளியில் வெளியே அடிக்கும் வெயிலைப் போல 3,600 மடங்கு வெயில். எஃப் 4 என்றால் 740 மடங்கு. எஃப் 16 என்றால் 46 மடங்கு. செறிவைத் தீர்மானிப்பது எஃப் எண், அதாவது குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண், மட்டும்தான். லென்ஸ் நீளமா குட்டையா என்பதற்கு அதில் பங்கில்லை.

அப்படியானால் நீள லென்ஸ் மட்டும் ஏன் அதிக ஆபத்து? மொத்த வெப்பம்தான் காரணம். 600 மில்லிமீட்டர், எஃப் 4 லென்ஸின் முன்கண்ணாடி 150 மில்லிமீட்டர் அகலம். அது சூரியனிடமிருந்து அள்ளிக்கொள்வது ஏறக்குறைய 18 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் சாதாரணமாக 25 வாட். அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான சூடு, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டத்தில் இடைவிடாமல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு புள்ளியில் விழுந்த சூடு பக்கவாட்டில் பரவித் தப்பித்துவிடும். பெரிய வட்டத்தின் நடுவில் விழுந்த சூட்டுக்கு ஓட வழியில்லை.

எஃப் 16 வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. டி.எஸ்.எல்.ஆரிலும் பல மிரர்லெஸ் கேமராக்களிலும் நாம் பட்டனை அழுத்துகிற நொடியில்தான் அபெர்ச்சர் இதழ்கள் மூடுகின்றன. அதுவரை, அதாவது நாம் ஃப்ரேம் பார்த்துக்கொண்டும் ஃபோகஸ் செய்துகொண்டும் இருக்கும் அத்தனை நேரமும், லென்ஸ் முழு வாயையும் திறந்து வைத்திருக்கிறது. படம் எடுக்க ஆகும் நேரம் ஆயிரத்தில் ஒரு நொடி. பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் பத்து நிமிடம். சேதம் நடப்பது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

இந்த எஃப் எண் விதியின் மறுபக்கத்தைக் கொடைக்கானலில் காணலாம். அங்குள்ள சூரிய ஆய்வகத்தின் சுரங்கத் தொலைநோக்கியில் 38 சென்டிமீட்டர் லென்ஸ் ஒன்று இருக்கிறது. அதன் குவியத் தூரம் 36 மீட்டர். மேலே கோபுரத்தில் உள்ள கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே அனுப்ப, அது நீண்ட சுரங்கத்தின் வழியே போய் 34 சென்டிமீட்டர் அகலமுள்ள சூரியப் பிம்பமாக விழுகிறது. எஃப் எண் 90-ஐத் தாண்டிவிட்டதால் அந்தப் பிம்பத்தின் சூடு வெளி வெயிலைவிடச் சற்றுத்தான் கூட. நம் 50 மில்லிமீட்டர் லென்ஸின் திறப்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அகலமான லென்ஸ் அது. ஆனால் அதன் பிம்பத்தின் மேல் ஒரு காகிதத்தை நீட்டினால் காகிதம் எரியாது. சூரியப் புள்ளிகளை நிதானமாக ஆராய வேண்டுமென்றால் ஒளியைப் பரவவிட வேண்டும். நம் கேமரா லென்ஸ் அதற்கு நேர் எதிரான வேலைக்காகச் செய்யப்பட்டது.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: ஒளியை எந்த இடத்தில் மறிப்பது? லென்ஸுக்கு முன்னால், ஒளி இன்னும் பரவலாக, வெறும் வெயிலாக இருக்கும்போதே மறிக்க வேண்டும். லென்ஸைத் தாண்டி உள்ளே வந்து குவியத் தொடங்கிய பிறகு மறிக்க முயன்றால், மறிக்கிற பொருளே எரியும்.

இது ஊகமல்ல. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த முழு கிரகணத்துக்குப் பிறகு, அங்கே கேமராக்களை வாடகைக்கு விடும் லென்ஸ்ரெண்டல்ஸ் நிறுவனம், கருகித் திரும்பி வந்த கருவிகளைப் படம் பிடித்து வெளியிட்டது. எரிந்த சென்சார்கள், பொசுங்கிய ஷட்டர் இதழ்கள். அவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒரு 600 மில்லிமீட்டர் லென்ஸ். அதைப் பயன்படுத்தியவர் அக்கறையில்லாதவர் அல்ல. சூரிய ஃபில்டர் போட்டிருந்தார். ஆனால் பெரிய லென்ஸ்களில் பின்பக்கம் சிறு ஃபில்டர் செருக ஓர் இடம் இருக்கும் அல்லவா, அங்கே செருகியிருந்தார். ஃபில்டருக்குப் பின்னால் இருந்த சென்சார் தப்பித்தது. ஃபில்டருக்கு முன்னால் இருந்த அபெர்ச்சர் இதழ்கள் வெந்துபோயின. முன்பக்கம் போடும் பெரிய ஃபில்டருக்குச் செலவு அதிகம்தான். ஆனால் செலவைப் பார்த்துப் பின்னால் போட்டால் லென்ஸே போய்விடுகிறது.

எவ்வளவு மறிக்க வேண்டும்? சூரியனுக்கென்று செய்யப்பட்ட ஃபில்டர்கள், கண்ணால் பார்க்கத் தகுந்தவை, ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடுகின்றன. படம் பிடிக்க மட்டும் என்று விற்கும் மெல்லிய படலங்கள் அதைவிடப் பத்து, பதினைந்து மடங்கு கூடுதலாக விடும். அவற்றை டி.எஸ்.எல்.ஆரின் கண்ணாடித் துளையில் கண் வைத்துப் பார்க்கப் பயன்படுத்தவே கூடாது. அருவியைப் பட்டுப்போல எடுக்க நாம் வாங்கும் 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் ஆயிரத்தில் ஒரு பங்கை விடுகிறது. கண்ணுக்குக் கரிக்கட்டையாகத் தெரியும் அது, சூரியனுக்கு முன்னால் நூறு மடங்கு பலவீனம். போதாததற்கு, இத்தகைய ஃபில்டர்களில் பல அகச்சிவப்பு ஒளியைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும்.

நம் ஊர்களில் தாம்பாளத்தில் மஞ்சள் நீர் ஊற்றி அதில் கிரகணம் பார்ப்பார்கள். தண்ணீர் திருப்பி அனுப்புவது ஐம்பதில் ஒரு பங்கு. வேண்டியது லட்சத்தில் ஒரு பங்கு. பெரியவர்களின் எச்சரிக்கை உணர்வு சரியானது, தண்ணீரின் தடுப்பு பத்தாது. கேமராவையும் அந்தத் தாம்பாளத்தை நோக்கித் திருப்பிவிட வேண்டாம்.

திருச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. திருவெறும்பூரில் பாய்லர் தொழிற்சாலை வந்த காலத்திலிருந்து இது வெல்டிங் ஊர். அதை நடத்தும் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான் இருக்கிறது. ஹார்டுவேர் கடைகளில் வெல்டிங் கண்ணாடி எளிதில் கிடைக்கும். அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 10-ஆம் எண் கண்ணாடி ஏழாயிரத்தில் ஒரு பங்கை விடுகிறது, சூரியனுக்குப் பத்தாது. 12 ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, அது குறைந்தபட்சம். 14 மூன்றரை லட்சத்தில் ஒரு பங்கு, அதுதான் நிம்மதி. படத்தில் சூரியன் பச்சையாக வரும், கூர்மையும் கொஞ்சம் குறையும். கணினியில் நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம். லென்ஸின் வாயை முழுக்க மூடும்படி, ஓரத்தில் ஒளி கசியாதபடி ஒட்ட வேண்டும். படலமோ கண்ணாடியோ எதுவானாலும் முதலில் பிரகாசமான விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு ஒளி தெரிந்தால் அதைக் கழித்துவிடுவதே நல்லது.

இன்னொரு விஷயம். வளையக் கிரகணத்தில் ஃபில்டரை எந்த நேரத்திலும் கழற்ற இடமில்லை. முழு கிரகணத்தில் மட்டும், சூரியன் முற்றாக மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குக் கழற்றலாம். முழு கிரகணம் எடுக்கச் சொல்லித்தரும் குறிப்புகளைப் படித்துவிட்டு வளையக் கிரகணத்தில் அதைச் செய்தால் கேமரா போய்விடும். 2031 மே 21 அன்று கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடந்து போகப்போவதும் வளையக் கிரகணம்தான். 2019-இல் அது காலை வானத்தில், கிழக்கே சாய்ந்திருந்தது. 2031-இல் நண்பகலுக்குச் சற்றுப் பின், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல், வெயில் முழு வலுவோடு இருக்கும் நேரத்தில் நிகழப்போகிறது.

முன்வாசலில் மறிக்க முடியாதபோது, உள்ளே வந்த ஒளியைத் தங்கவிடாமல் வெளியே அனுப்புவதும் ஒரு வழி. அதைச் செய்து காட்டியது நம் ஆதித்யா எல்-1. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்த விண்கலம். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர். அதிலுள்ள ஒரு கருவி, சூரியனின் வெளிமண்டலமான கொரோனாவைப் படம் பிடிக்க வேண்டும். கொரோனாவின் ஒளி சூரிய வட்டின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வாக்கில்தான் இருக்கும். அதைப் பிடிக்கக்கூடிய சென்சாரின் மேல் வட்டின் நேரடி ஒளி விழுந்தால் என்ன ஆகும்? அதனால் உள்ளே இருக்கும் இரண்டாவது ஆடியின் நடுவில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள். சூரிய வட்டின் பிம்பம் சரியாக அந்தத் துளையில் விழுந்து, அதன் வழியே போய், கருவிக்கு வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது. சுற்றியுள்ள கொரோனாவின் ஒளி மட்டும் ஆடியில் பட்டுத் திரும்பி சென்சாருக்குப் போகிறது. சூட்டைத் தாங்குகிற பொருளைத் தேடுவதற்குப் பதிலாகச் சூடு தங்காமல் போக வழி செய்திருக்கிறார்கள். இந்த யோசனையின் அழகை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இந்தக் கவனம் தவறினால் விண்வெளியிலும் விலை கொடுக்க வேண்டும். 1969 நவம்பர் 19 அன்று அப்பல்லோ 12 பயணி ஆலன் பீன், நிலவில் தொலைக்காட்சிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு முக்காலியில் வைக்கப் போகும் வழியில் அது சூரியப் பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே இருந்த படக்குழாய் கெட்டது. அந்தப் பயணத்தின் நிலவு நடையை பூமியில் அதன்பிறகு யாரும் நேரலையாகப் பார்க்க முடியவில்லை. அப்போது டிஜிட்டல் சென்சார் கிடையாது. சி.சி.டி. என்னும் முதல் வகையை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் உருவாக்கியது அதே 1969-ஆம் ஆண்டில்தான். பின்னாளில் அதற்கு 2009-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இனி அந்த சென்சாரையே பார்ப்போம். புத்தூர் நால்ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் கேமரா பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் மேசையில் லென்ஸ் கழற்றிய மிரர்லெஸ் கேமரா ஒன்று கிடந்தது. விளக்கைச் சாய்த்து வைத்துப் பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். 36-க்கு 24 மில்லிமீட்டரில் ஒரு கரிய பலகை. சாய்த்தால் பச்சையும் ஊதாவுமாக மின்னியது. அதில் இரண்டு கோடியே நாற்பது லட்சம் பிக்சல்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு அகலம். ஓரத்துக்கு அருகே ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. “கண்ணுல தெரியாது தம்பி, இதுல பாருங்க” என்று அந்தக் கேமரா எடுத்த படத்தைக் கணினியில் திறந்தார். மணமேடை, பூ அலங்காரம், சிரித்த முகங்கள். மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே கோடு.

“வெயில்ல ஆனதாண்ணே?”

“வெயில்ல இல்ல. ரிசப்ஷன்ல.”

ஒரு சிறு புள்ளி எரிந்ததற்கு முழுநீளக் கோடு ஏன்? சென்சாரின் மேலடுக்கில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நுண் லென்ஸ். அதற்குக் கீழே சிவப்பு, பச்சை, நீலம் என நிறம் பிரிக்கும் படலம். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970-களில் வகுத்த அந்த நிற வரிசைதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. இரண்டுமே பிசின் வகைப் பொருள்கள். அதற்கும் கீழே சிலிக்கான், அதோடு மிக மெல்லிய உலோகக் கம்பிகள். சிலிக்கான் உருக 1,414 டிகிரி செல்சியஸ் வேண்டும். மேலே இருக்கும் பிசினுக்கு அதில் சிறு பங்கு போதும். நிறப் படலம் வெந்தால் படத்தில் ஒரு கறை விழும். சூடு இன்னும் ஆழமாகப் போய்க் கம்பியைத் தொட்டுவிட்டால் கதை வேறு. பிக்சல்களின் கணக்கைப் படிக்கும் கம்பிகள் வரிசை வரிசையாகவும் பத்தி பத்தியாகவும் ஓடுகின்றன. ஒரு பத்தியின் கம்பி ஓரிடத்தில் அறுந்தால், அந்தப் பத்தியிலுள்ள ஆயிரக்கணக்கான பிக்சல்களும் வாயடைத்துப் போகும். அவை ஒவ்வொன்றும் நல்ல நிலையில்தான் இருக்கும், சொல்ல வழி இருக்காது.

இங்கே ஒரு பயத்தைத் தீர்த்துவைக்க வேண்டும். படத்தில் வானம் வெள்ளையாக அடித்துப்போவது சேதம் அல்ல. ஒரு பிக்சல் சில பத்தாயிரம் எலக்ட்ரான்களை வைத்துக்கொள்ளும், நிரம்பினால் வழியும், அடுத்த படத்துக்கு முன் காலியாகிவிடும். எத்தனை லட்சம் முறை நிரம்பினாலும் அதற்கு ஒன்றுமில்லை. கெடுப்பது வெப்பம்தான். ஆகவே வைகாசி, ஆனி மாதத்தில், நண்பகல் சூரியன் திருச்சிக்கு வடக்கே உச்சியில் நிற்கும்போது, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் தெற்கே அடியில் நின்று, வைடு லென்ஸில் கலசத்துக்குப் பக்கமாகச் சூரியன் நட்சத்திரம்போல் சிதறும் படத்தை எடுக்கத் தயங்க வேண்டாம். அந்த லென்ஸில் சூரியப் பிம்பம் மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே போகும் வெப்பம் ஒரு வாட்டில் நூறில் சில பங்குதான். எடுத்தோமா, கீழே இறக்கினோமா என்று இருந்தால் போதும். செல்போனுக்கும் இதே நியாயம். அதன் லென்ஸ் வாய் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் முன்னால் கிளிப் வைத்து டெலிஸ்கோப் லென்ஸ் மாட்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

காவிரிப் பாலத்தில் மேற்கே பார்த்து அஸ்தமனம் எடுப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். அடிவானத்தைத் தொடும் செஞ்சூரியன் காற்றில் வடிகட்டப்பட்டு வருவதால் சாதுவானது. நாலரை மணிக்கே முக்காலியில் டெலி லென்ஸைப் பொருத்தி, டைம்லாப்ஸ் ஓடவிட்டு டீ குடிக்கப் போவதுதான் வினை. அந்த நேரத்துச் சூரியன் சாது அல்ல. வானத்தில் அது தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடக்கிறது. போகும்போது ஃப்ரேமுக்கு வெளியே இருந்தது, திரும்பி வரும்போது நடுவில் இருக்கலாம். மிரர்லெஸ் கேமராவில் இது கூடுதல் கவலை. டி.எஸ்.எல்.ஆரில் படம் எடுக்காத நேரமெல்லாம் ஆடி குறுக்கே நின்று ஒளியை மேலே திருப்பிவிடும். சென்சார் தப்பும், பார்க்கிறவர் கண்தான் மாட்டிக்கொள்ளும். மிரர்லெஸில் சென்சார் எப்போதும் விழித்தே இருக்கிறது. கேமராவை அணைத்தால் ஷட்டர் மூடும் மாடல்கள் உண்டு. ஆனால் ஷட்டர் இதழ்களும் மெல்லியவைதான். பழைய லைக்கா கேமராக்களில் துணி ஷட்டர் இருந்தது. தோளில் தொங்கும் கேமராவில் சூரியன் குவிந்து அந்தத் துணியில் ஓட்டை விழுவது அந்தக் காலத்துப் பத்திரிகைப் படக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. லென்ஸ் மூடிக்கு இன்றுவரை மாற்று வரவில்லை.

ரிசப்ஷனில் அந்தக் கேமராவைச் சுட்டது லேசர். மேடைக்குப் பின்னாலிருந்து புகைக்குள் பச்சையும் நீலமுமாக விரியும் கதிர்கள். மணமக்கள் நுழையும்போது பாட்டோடு சேர்ந்து ஆடும். வீடியோகிராபர் எதிரே நின்றிருக்கிறார். எதிரே நின்றால்தானே மணமக்கள் முகம் கிடைக்கும். கதிர் ஒரு முறை லென்ஸுக்குள் நேராகப் பாய்ந்தது. நொடியில் ஒரு சிறு துளி நேரம். அவ்வளவுதான்.

சூரியன் நமக்கு ஒரு வட்டம். எவ்வளவு நல்ல லென்ஸானாலும் அதன் பிம்பத்தை அந்த வட்டத்தைவிடச் சிறிதாக்க முடியாது. லேசர் சிதறாமல் ஒரே திசையில் வருவதால் அதைச் சில மைக்ரான் அளவுக்குள் அடக்கிவிடலாம். சொற்பொழிவாளர்கள் கையில் வைத்திருக்கும் 5 மில்லிவாட் லேசர்கூட, லென்ஸுக்குள் நேராகப் பாய்ந்து 10 மைக்ரான் புள்ளியில் குவிந்தால், அந்தப் புள்ளியில் எஃப் 1.8 லென்ஸில் குவிந்த சூரியனைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேற்பட்ட செறிவு. புள்ளி மிகச் சிறியது, சூடு நாலாபக்கமும் சட்டென்று பரவிவிடுகிறது. அதனால்தான் அந்தச் சின்ன லேசர் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. மேடை லேசர்களின் கணக்கு வாட்டில். அரை வாட்டைத் தாண்டினாலே அது நான்காம் வகை, அதாவது பாதுகாப்பு விதிகளில் மிக அபாயகரமான பிரிவு. 5 மில்லிவாட்டைப் போல் நூறு, இருநூறு மடங்கு. அங்கே பரவுவதற்கு அவகாசமில்லை.

இதே கதிர் கண்ணில் பட்டால்? கண்ணின் பாவை இருட்டில்கூட ஏழு மில்லிமீட்டரைப் பெரும்பாலும் தாண்டாது. 50 மில்லிமீட்டர் லென்ஸின் வாய் 28. பரப்பில் பதினாறு மடங்கு. விரிந்து வரும் கதிரில் கண் அள்ளுவதைவிட லென்ஸ் அவ்வளவு அதிகம் அள்ளும். கண்ணுக்கு இமை உண்டு, கால் நொடியில் மூடிவிடும். கேமராவுக்கு அது இல்லை. அதனால்தான் லேசர் காட்சி நடத்துவோரின் பன்னாட்டுச் சங்கமே கேமரா சென்சார்கள் கண்ணைவிட எளிதில் கெடக்கூடியவை என்று எச்சரிக்கிறது. இதைத் தலைகீழாகப் படித்து, கண்ணுக்குப் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்வரிசையில் தாத்தாவின் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எந்தக் கதிர் ஆபத்து என்று தெரியாது. ஒரு கல்யாண மண்டபத்தில் கேமரா எரிந்தது என்றால், என்னைப் பொறுத்தவரை அது கேமராக்காரரின் நஷ்டம் மட்டுமல்ல; அந்த மண்டபத்தில் லேசர் வைத்த உயரமே தவறு என்பதற்கான சாட்சி.

கண்ணுக்கு நல்லது, கேமராவுக்குக் கெட்டது என்ற வகையும் வந்துவிட்டது. தானியங்கிக் கார்களின் கூரையில் லைடார் என்ற கருவி இருக்கும். லேசரை வீசி, திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது. அவற்றில் சில 1,550 நானோமீட்டர் அகச்சிவப்பில் வேலை செய்கின்றன. அந்த அலைநீளத்தைக் கண்ணின் முன்பகுதியிலுள்ள நீர்மம் உறிஞ்சிக்கொள்வதால் விழித்திரைக்குப் போகாது. ஆகவே அதிக ஆற்றலில் வீசலாம் என்று அனுமதி உண்டு. கேமரா லென்ஸில் நீர்மம் இல்லை, கண்ணாடி. கண்ணாடி அதை அப்படியே உள்ளே விட்டு சென்சாரில் குவித்துவிடும். 2019 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் இத்தகைய காரைப் படம் எடுத்த ஒருவரின் புதுக் கேமராவில் இரண்டு புள்ளிகளும் அவற்றிலிருந்து கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் கோடுகளும் விழுந்தன. 2025-இல் வால்வோ கார் ஒன்றின் லைடாரைச் செல்போனில் நெருக்கமாகப் பிடித்தபோது, திரையில் ஊதாப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்த காட்சி உலகெங்கும் பரவியது. நம் சாலைகளில் இவை இன்னும் அரிது. வரும்போது, ஓடுகிற கருவிக்குள் ஜூம் போட்டு எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும்.

கேமராவைச் சோதிக்க அண்ணன் சொல்லும் வழி சுலபமானது. லென்ஸை மூடி, இருட்டில் ஒரு படம். வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம். முதலாவதில் ஒளிரும் புள்ளிகளும் இரண்டாவதில் கரும்புள்ளிகளும் தெரியும். தனித்தனிப் புள்ளிகள் என்றால் சில கேமராக்களின் மெனுவிலேயே பிக்சல் மேப்பிங் உண்டு. கெட்ட பிக்சலுக்குப் பதிலாக அண்டை பிக்சல்களின் சராசரியை வைத்துச் சமாளித்துவிடும். கோடு விழுந்துவிட்டால் சென்சாரையே மாற்ற வேண்டும். கேமரா விலையில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். பழைய கேமரா வாங்குகிறவர்களும் இந்த இரண்டு படங்களை எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மாசியில் புத்தூர் குழுமாயி அம்மன் குட்டிக்குடித் திருவிழாவுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் வெயிலை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும். அங்கே ஹூடும் லென்ஸ் மூடியும் துணை. மண்டபத்தில் லேசருக்கு எந்த ஃபில்டரும் துணை இல்லை. முழுக் காட்சியையும் இருட்டாக்காமல் ஒரு பச்சைக் கதிரை மட்டும் மறிக்கும் ஃபில்டர் போட்டால் மணப்பெண்ணின் பச்சைப் பட்டின் நிறமும் மாறிவிடும். இங்கே மறிக்க வேண்டியது லென்ஸுக்கு முன்னாலும் அல்ல, இன்னும் முன்னால், லேசர் பெட்டியிலேயே. நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் லைட்காரரைப் பார்த்துவிடுங்கள். கதிர் எதுவும் தரையிலிருந்து மூன்று மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அமெரிக்காவில் பார்வையாளர் பகுதிக்கு வைத்திருக்கும் விதி. அந்த உயரத்தைக் கேளுங்கள். பெரும்பாலான லேசர் பெட்டிகளில் கதிரின் கீழ் எல்லையை அமைக்க வசதி உண்டு. இல்லாவிட்டால் பெட்டியின் முன் ஒரு தகரத் துண்டைப் பொருத்தி அடிப்பகுதியை மறைக்கலாம். மணமக்கள் மேடையேறும் பாட்டு ஓடும்போது மேடைக்குப் பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள். கிரேன் கேமராவும் டிரோனும் இருந்தால் அவை மூன்று மீட்டருக்கு மேலேதான் இயங்கும். அந்தப் பாட்டு முடியும் வரை அவற்றைத் தரையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.